பேச்சில் ஒன்று, வாட்ஸாப்பில் வேறொன்று: பிரெஞ்சின் குட்டிச் சொற்கள்

[திரை: இருவர் பேசும் ஒலி. கீழே வரிவரியாக எழுத்து ஓடுகிறது. சில சொற்கள் மட்டும் மஞ்சளில்.]

த்யு கூ, ஆன்ஃபேன், பா, க்வா, ஜான்ர். மஞ்சளில் தெரியும் இவற்றை நீக்கினாலும் தகவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் பேச்சு நொண்டும். நாம் பேசும்போது இடையில் விடுகிற 'வந்து', 'அதாவது' போலத்தான்.

பேச்சில் இவை முக்கியமாக நேரம் வாங்கித் தருகின்றன. அடுத்த சொல்லைத் தேடும் அரை நொடியில் எதிரே இருப்பவர் புகுந்துவிடக் கூடாது. அதற்காக உதட்டைக் குவித்து 'அ…' என்று இழுப்பார்கள். நான் இன்னும் முடிக்கவில்லை, பொறு என்று பொருள்.

[திரை: அரட்டைக் குமிழிகள்.]

வாட்ஸாப்பில் அந்த நெருக்கடி இல்லை. பத்து நிமிடம் யோசித்தும் அனுப்பலாம். அப்படியிருந்தும் ஒருவர் அந்த 'அ…'வை மெனக்கெட்டு டைப் செய்தால், பெரும்பாலும் அது தயக்கம் அல்ல, மறுப்பு. "சனிக்கிழமை நீதானே சமைக்கிறாய்?" என்ற கேள்விக்கு "அ… நோன்" (இல்லை) என்று பதில் வந்தால், 'இதை யார் முடிவு செய்தது?' என்று வாசியுங்கள். யோசிக்கிறார் என்று நம்பி மறுபடி வற்புறுத்தினால் சண்டைதான்.

'ஆன்ஃபேன்' கதையும் இப்படியே. வாயால் சொன்னதை அழிக்க முடியாது. அதனால் "லன்தி வருகிறான், ஆன்ஃபேன், மார்தி" என்று திங்களைச் செவ்வாயாகத் திருத்துவார்கள். போனில் அழிக்கும் பொத்தான் இருக்கிறது. அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால், நட்சத்திரக் குறி போட்டுச் சரியான சொல்லை மட்டும் அனுப்பினால் போதும். ஆகவே எழுத்தில் மிஞ்சும் ஆன்ஃபேன் பெரும்பாலும் சொன்னதன் உறுதியைக் குறைப்பதற்கு: "நல்ல படம். ஆன்ஃபேன், எனக்குப் பிடித்தது." இளைஞர்கள் இதை 'ஃபேன்' என்று சுருக்குகிறார்கள். அகராதியில் அதற்கு 'முடிவு' என்று இருக்கும். அதை நம்பினால் வாக்கியமே புரியாது.

[திரை: 'த்யு கூ' பெரிதாக.]

அதிகம் திட்டு வாங்குவது இதுதான். பழைய பொருள் 'அதன் விளைவாக உடனே'. இன்று 'அப்போ', 'சரி, அப்படியென்றால்' என்ற இடத்திலெல்லாம் வருகிறது. 'ஆகவே' என்பதற்கு எப்போதும் இதையே போடாதீர்கள் என்று பிரெஞ்சு மொழியின் காவல் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி கண்டித்தது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரட்டையில் இதற்கு உண்மையான தேவை இருக்கிறது. காலையில் பேசிய விஷயம், நடுவே நாலு மீம், மாலையில் "த்யு கூ, எத்தனை மணிக்கு?" அறுந்த இழையை இரண்டே சொல் முடிச்சுப் போட்டுவிடும். ஆனால் முன்பின் பேசாத ஒருவருக்கு அனுப்பும் முதல் செய்தியை இதைக் கொண்டு தொடங்காதீர்கள். எதன் தொடர்ச்சி என்று அவர் மேலே தேடுவார்.

மற்றவை சுருக்கமாக. 'ஜான்ர்' எண்ணுக்கு முன்னால் வந்தால் 'சுமார்': ஜான்ர் 20 நிமிடம். 'க்வா' வாக்கியக் கடைசியில் வந்தால் 'அவ்வளவுதான்'. முன்னால் போனால் 'என்ன?' ஆகிவிடும். "பா வி" குரலில் இதமான 'ஆமாம்பா'; குரல் இல்லாத திரையில் 'இதுகூடத் தெரியாதா?' என்று குத்தலாம். அதைத் தணிக்கக் கடைசியில் எம்-தே-எர் (mdr) என்ற மூன்றெழுத்தைச் சேர்ப்பார்கள். விரித்தால் 'சிரித்தே செத்தேன்'. அனுப்பியவர் சிரித்திருக்க வேண்டும் என்பதில்லை.

இவற்றை ஆராயத் தரவும் உண்டு. பிரான்சின் ஓர்லெயான் நகரப் பேச்சு 1968 முதல் பதிவாகியிருக்கிறது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகம் 2004-இல் பொதுமக்களிடம் எஸ்எம்எஸ்களை நன்கொடையாகக் கேட்டது. 2011-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் இதேபோல் 88,000-க்கும் மேற்பட்ட எஸ்எம்எஸ்கள் சேர்ந்தன.

அலுவலக மின்னஞ்சலில் 'த்யு கூ' இருக்கும் இடத்தில் 'தோங்க்' ('ஆகவே') போடுங்கள். க்வா, பா, ஜான்ர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். 'ஆன்ஃபேன்' மட்டும் இருக்கலாம், பட்டியலின் கடைசிக் குறிப்பைத் தொடங்கும் 'இறுதியாக' என்ற பொருளில்.