சூரைச்செடியின் கீழே ஒரு அடை

எல்லாருக்கும் வணக்கம். அப்பா இறந்து மூன்றாவது வாரம் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வேத வசனம் சொன்னார்கள். அழக்கூடாதும்மா, அழுதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும் என்றுகூட ஒருவர் சொன்னார், எனக்கு வேதத்தைத் திறக்கவே மனசு வரவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், சபையில் பின்வரிசையில் உட்காரும் ஒரு அக்கா தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்தார். நேரே அடுக்களைக்குப் போய், நாலு நாளாகக் கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, சோறு பிசைந்து என் கையில் கொடுத்து, "ரெண்டு வாய் சாப்பிடு, அப்புறம் படு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் தூங்கினேன்.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த மனுஷன் அவர். அடுத்த அதிகாரத்திலேயே, 1 இராஜாக்கள் 19-ல், யேசபேல் ராணியின் கொலை மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார், கூட வந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போய், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். மனசு உடைந்தவர்கள் முதலில் செய்வது இதைத்தானே, கூட இருக்கிற ஒருவரையும் அனுப்பிவிடுவது.

தேவன் அவரைத் திட்டவில்லை. தூதன் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார்! நாமாக இருந்தால், இவ்வளவு செய்தும் எழுந்திருக்கவில்லையே என்று சலித்திருப்போம். தூதன் இரண்டாம் தரமும் வந்து, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் நாற்பது நாள் கழித்து.

சோறும் தூக்கமும் முதலில், பேச்சு அப்புறம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் அவரை நோகடித்தார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது சூரைச்செடியின் கீழே இருந்தால், உங்கள் விசுவாசம் செத்துப்போகவில்லை, நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். மனநல மருத்துவரிடம் போவது ஜெபத்துக்கு எதிரானது இல்லை. சாகலாம் என்று தோன்றினால் இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இந்தியாவில் எங்கிருந்தும் இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

அந்தத் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அக்கா வாங்கவில்லை, நீயே வைத்துக்கொள் என்றுவிட்டார். போன வாரம் அதில் கஞ்சி எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனேன். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. படியில் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு மறுபடியும் போகணும்.