டபுள் கிராஸ்: 5.7 என்ற எண் சொல்லாத விஷயம்

[காட்சி: கூடாரங்கள், பின்னால் உருண்டு திரண்ட பாறை]

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. ஹிடன் வேலி முகாமில் கூடாரங்களை ஒட்டியே நிற்கிறது ஓல்ட் வுமன் பாறை. அதன் மேற்கு முகத்தில் நெடுக ஓடும் பிளவுதான் டபுள் கிராஸ் என்ற பாறையேற்றப் பாதை. உயரம் ஏறக்குறைய 100 அடி. கடினத் தரம் 5.7; சிலர் 5.8 என்பார்கள். பாறையேற்றத்தில் இது நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே. ஆனாலும் இங்கே விழுந்து அடிபட்டவர்கள் நிறையப் பேர்.

ஏன்? 5.7 என்பது உடம்புக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

[காட்சி: கேம் கருவி, விரல்களில் சுருங்கி விரிகிறது]

இது டிராட் பாதை. உள்ளரங்கச் சுவர்போல ஆணியும் வளையமும் காத்திருக்காது. முன்னால் ஏறுபவர்தான் பிளவுக்குள் கேம், நட் எல்லாம் செருகி, கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். விழும்போது கயிறு கேமை இழுத்தால் அதன் பற்கள் விரிந்து பாறையை இருபுறமும் அழுத்தும். நட் என்பது குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும் உலோகத் துண்டு, அவ்வளவுதான். பக்கவாட்டில் இழுத்தால் கழன்றுவிடக்கூடும்.

சிக்கலே அங்கேதான். பெரிய பிளவு தரையிலிருந்து தொடங்குவதில்லை. பக்கத்தில் ஏறி, குறுக்கே நகர்ந்துதான் அதைப் பிடிக்க வேண்டும். அதனால் கயிறு வளைந்து போகிறது. செருகிய கருவியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இதைத் தடுக்க, கருவிக்கும் கயிற்றுக்கும் நடுவே நீளமான பட்டை மாட்டுங்கள். கருவி உங்கள் காலுக்கு 2 மீட்டர் கீழே இருந்தால் விழும் தூரம் 4 மீட்டருக்கும் மேல், கயிறு நீள்வது தனி. தரை பக்கத்தில் இருக்கும்போது இது சின்னக் கணக்கு இல்லை.

[காட்சி: பிளவுக்குள் நுழையும் கை]

சரி, பிளவைப் பிடித்தாச்சு. இனி சுகம்! கையை உள்ளே விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கை தடித்து, பிளவில் இறுகிவிடும். காலையும் பக்கவாட்டில் நுழைத்து முறுக்கினால் நிற்கலாம். பாறை மான்சோகிரானைட் என்ற கிரானைட் வகை, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உறைந்த குழம்பு. படிகங்கள் பெரிசு, சொரசொரப்பு அதிகம். புறங்கையில் டேப் சுற்றாவிட்டால் தோல் போய்விடும்.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல பருவம். முகாமில் தண்ணீர் கிடையாது, கொண்டு போங்கள்.

இறங்குவது கயிற்றில்தான். மேலே களைப்பில் அவசரப்படாதீர்கள்: கயிற்றின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட பிறகே கீழே வீசுங்கள்.