கூடாரத்திலிருந்து வரும் சத்தம்

(குன்னூரில், மழைக்கால நிவாரணப் பணிக்குத் தயாராகும் இளைஞர்களிடையே பேசியது)

தம்பிகளே, தங்கைகளே,

2009 நவம்பர் மழை உங்களில் பலருக்கு நினைவிருக்காது. இங்கே பக்கத்தில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் குடும்பம் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தது. சோறு வந்தது, கம்பளி வந்தது. ஆனாலும் நான்காம் நாள் சாயங்காலம் பெரிய தகராறு. "இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே" என்று உதவ வந்தவர்கள் மனம் நொந்தார்கள்.

பள்ளி திறக்கப் போகிறது, நாளைக்கே காலி செய்யணும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கே போவது என்று சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருந்த பாட்டி ஒருவர், "கம்பளி போதும் சாமி, எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்று அழுதார். பதில் சொல்ல ஆளில்லை. அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது.

ஹைட்டி நாட்டைப் பாருங்கள். 2010 ஜனவரி 12 பூகம்பத்துக்குப் பிறகு சுமார் 15 லட்சம் பேர் கூடாரங்களிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் கிடந்தார்கள். அக்டோபரில் காலரா வந்தது. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம் என்று மக்கள் சொன்னார்கள். நவம்பரில் தெருவில் இறங்கிக் கல்லெறிந்தார்கள். அரசியல் தூண்டுதல் என்றது அமைதிப்படை. பின்னால் வந்த ஆய்வுகள் மக்கள் பக்கமே நின்றன. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆறு வருஷம் கழித்து! அதற்குள் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

சரி, நம் மலைக்கு வருவோம். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு தினம் 15 லிட்டர் தண்ணீர் என்று உலக அளவில் நிவாரணப் பணிக்கு ஒரு கணக்கு உண்டு. அதையாவது எண்ணிப் பாருங்கள். ராத்திரி பனியில் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று நீங்களே நடந்து பாருங்கள். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்காரருக்கும், கூடலூர் பக்கம் பட்டா இல்லாத குடும்பத்துக்கும் இடிந்த வீட்டைத் தன் வீடென்று காட்டக் காகிதம் இருக்காது. நிவாரணப் பட்டியலில் முதலில் விட்டுப்போவது அவர்கள் பெயர்தான். பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முகாம் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். யாராவது சத்தம் போட்டால், அவர் கேள்வியை அவர் கண்முன்னே அதில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால், "இன்னும் தெரியவில்லை, நாளை 5 மணிக்கு வந்து சொல்கிறேன்" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மறுநாள் மழை கொட்டினாலும் 5 மணிக்குப் போய் நில்லுங்கள்.