அந்த வளையலில் ஒளிந்திருந்தது

நூலகத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் மாலை வணக்கம்.

காலையில் நாளிதழ் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி நேராகக் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். முப்பது வருடமாக நானும் அப்படித்தான். அதிலும் 'கிரிப்டிக்' என்கிறோமே, குறிப்பே நம்மை ஏமாற்றப் பார்க்கும் வகை, அதன் மேல்தான் எனக்குப் பித்து.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் நண்பர் தமிழில் கட்டிய குறிப்பு இது: 'விகாரியில் திசைமாறிய நதி (3)'. அடைப்புக்குள் இருப்பது விடையில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. படித்தவுடன் என்ன தோன்றும்? ஏதோ ஒரு விகாரி வருடத்தில் பெருவெள்ளம் வந்து ஆறு தடம் மாறிப் போயிருக்கிறது என்று மனம் வரலாற்றுக்குள் ஓடும். அங்கே ஒன்றும் இல்லை. 'நதி' என்பது விடையின் பொருள். 'திசைமாறிய' என்பது எழுத்துகளை இடம் மாற்றிப் போடு என்ற கட்டளை. வி, கா, ரி. மாற்றிப் போடுங்கள். காவிரி வந்துவிட்டதா?

எல்லாக் குறிப்புக்கும் அடிப்படை இதுதான். ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதியில் அதே விடையைக் கட்டும் வழி இருக்கும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். அதனால் விடை சரியா என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, அதுவே சாட்சி சொல்லிவிடும். அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் கட்டிய ரிச்சி என்ற ஆங்கிலேயர் 1949இல் இதற்கு ஒரு தர்மம் வகுத்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: புதிர் கட்டுபவர் சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்றாக இருக்கலாம், ஆனால் நினைத்ததை அந்தச் சொற்களிலேயே சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேர்மையான ஏமாற்றுவேலை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்த நண்பரே இன்னொரு முறை இப்படி அனுப்பினார்: 'அந்த வளையலில் ஒளிந்திருந்து குளத்தில் குதிக்கும் (3)'. ஒரு நாள் முழுக்க வளையலை விட்டு என் மனம் நகரவில்லை. காப்பு, கங்கணம், கடகம் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். குளத்துக்கும் வளையலுக்கும் என்ன உறவு? மத்தியானம் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பை வாய்விட்டுப் படித்தேன். அம்மா நிமிராமலே, "என்னது, தவளையா?" என்றார்.

என் கண்ணுக்கு 'அந்த', 'வளையலில்' என்று இரண்டு சொற்கள். நடுவில் ஓர் இடைவெளி, அது சுவர் மாதிரி நின்றது. அம்மாவின் காதுக்கு அந்தச் சுவரே கிடையாது. அந்-தவளை-யலில். நாள் முழுக்க என் கண்முன்னே உட்கார்ந்திருந்த தவளை! அந்த நொடியில் உடம்புக்குள் ஒன்று திறந்துகொள்ளும் பாருங்கள், அதற்காகத்தான் முப்பது வருடமாகக் காலையில் பேனாவைத் தேடுகிறேன்.

அப்புறம் யோசித்தேன். ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. பதம் பிரித்துத்தான் படிக்க வேண்டும். அங்கே ஓர் எழுத்தை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு பொருள், அந்தப் பக்கம் தள்ளினால் வேறு பொருள். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில் சித்திரக்கவி, அதாவது எழுத்துகளை வைத்து விளையாடும் செய்யுள் வகைகளைப் பாருங்கள். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் புதுச்சொல் காட்டுவது எழுத்து வருத்தனம். எழுத்தை நீக்கிக்கொண்டே போவது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். குறுக்கெழுத்துக் கட்டம் 1913 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ஞாயிறு இதழில் பிறந்தது, சரி. ஆனால் சொல்லைப் பிரித்துப் போட்டு விளையாடும் இந்தக் குணம் நமக்கு அந்நியமே இல்லை.

ஆங்கிலப் புதிரில் எரிச்சல்களும் உண்டு. மாலுமி என்றால் 'ஏபி' ('ஏபிள் பாடீட் சீமன்' என்பதன் சுருக்கம்) என்று யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும். 'ஃப்ளவர்' என்று இருந்தால் பூக்களாகத் தேடி அலைவோம். 'ஃப்ளோ' ஆவது ஃப்ளவர், அதாவது ஓர் ஆறு! பிறகு இங்கிலாந்தின் ஆறுகள் பெயரை வேறு தேட வேண்டும். இந்தச் சிரமத்தைத் தாண்டி நம்மூர்க்காரர்களும் இந்தக் கலையில் கை தேர்ந்தார்கள். 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். ஓய்வுக்குப் பிறகு தி இந்து நாளிதழுக்குக் குறுக்கெழுத்து கட்டித் தந்தவர் அவர்.

எனக்குத் தாங்கவே முடியாதது அச்சுப்பிழை. ஒருநாள் ஒரு நாளிதழில் நேற்றைய கட்டத்தைப் போட்டு இன்றைய குறிப்புகளை அச்சிட்டிருந்தார்கள். ஏழு எழுத்து விடைக்கு ஐந்து கட்டம். மத்தியானம் வரை என் அறிவின் மேல் சந்தேகப்பட்டேன். குறிப்பு எத்தனை கடினமாகவும் இருக்கட்டும், கட்டம் நியாயமாக இருக்க வேண்டாமா? புதிரோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் அங்கே உடைகிறது.

அந்த ஒப்பந்தத்தைக் கடைசி வரை காத்த ஒருவரைச் சொல்கிறேன். ஜான் கிரஹாம், ஆங்கிலேயப் பாதிரியார். 'அரௌகாரியா' என்ற பெயரில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழுக்குப் புதிர் கட்டியவர். 2013 ஜனவரியில் வெளியான ஒரு புதிரின் முன்குறிப்பில் அரௌகாரியாவுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டிய இடங்களில் சொற்களுக்குப் பதில் அதே புதிரின் குறிப்பு எண்களைப் போட்டிருந்தார். அந்த எண்களுக்கு விடை கண்டவர்கள் கட்டத்தில் எழுதிய சொற்கள்: புற்றுநோய், உணவுக்குழாய், வலி தணிக்கும் பராமரிப்பு. வாசகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே அதை எழுதித் தெரிந்துகொண்டார்கள். அந்த வருடம் நவம்பரில், 92 வயதில் அவர் காலமானார். அந்தப் புதிரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, நேரமாகிவிட்டது. நானே கட்டிய ஒரு குறிப்பைத் தந்துவிட்டுப் போகிறேன். 'கம்பன் தலையில் முளைப்பது பாட்டு (3)'. கண்டுபிடித்தவர்கள் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்.