நெல்லை வெயிலில் கரியமில வாயுவை எரிபொருளாக்க முடியுமா?

(காட்சி: தூத்துக்குடி, ஆலைப் புகைபோக்கி)

தூத்துக்குடி சோடா சாம்பல் ஆலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து மூலப்பொருளாக்க 2016ல் ஆரம்பித்தார்கள். அதே வாயுவை எரிபொருளாக்குவதுதான் கஷ்டம். அது எரிந்து முடிந்த அடுப்புச் சாம்பல் மாதிரி. திரும்ப விறகாக்கணும்னா வெளியிலிருந்து ஆற்றல் கொடுக்கணும். வெயிலிலிருந்து அதை வாங்கித் தருவது சாயம்.

(காட்சி: சோதனைக் குழாயில் மஞ்சள் கரைசல்)

1980களின் தொடக்கத்தில் பிரான்சில் வேதியியலாளர் ழான்-மாரி லேன் குழு காட்டிய முறை இது. கரைப்பானாக டைமெத்தில் ஃபார்மமைடு 5 பங்கு, எலக்ட்ரான் கொடுக்கும் அமீனாக ட்ரைஎத்தனாலமீன் 1 பங்கு, சாயமாகக் கொஞ்சமே கொஞ்சம் ரீனியம் பைபிரிடின் சேர்மம் (ரீனியம் ஒரு உலோகம்). கரியமில வாயுவைக் குமிழவிட்டு, ரப்பர் மூடியால் அடைத்து, வெளிச்சத்தில் வைக்கணும்.

சேர்மம் ஒளியை விழுங்கியதும் எலக்ட்ரான் மேலே தாவும். காலியான இடத்தை அமீன் நிரப்பும். கரியமில வாயுவுக்கு ஒற்றை எலக்ட்ரானைத் திணிக்க சுமார் -1.9 வோல்ட் வேணும். இரண்டு எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து போனால், நீரில் -0.53 வோல்ட் போதும். அப்படிச் சேர்த்துக் கொடுப்பதும் இதே ரீனியம்தான். 100 ஃபோட்டானுக்கு 14 கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு கிடைத்தது. நச்சு வாயு, வீட்டில் முயற்சி வேண்டாம்.

குமிழவிடுவதை ஏனோதானோன்னு செய்தால் உள்ளே நிற்கும் ஆக்சிஜன் சாயத்தின் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். அளப்பதிலும் ஏமாறலாம். கார்பன் மோனாக்சைடின் நிறை 28. காற்று கசிந்து வரும் நைட்ரஜனுக்கும் 28! ரீனியம் சேர்மத்திலேயே மூன்று கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கு, கரைப்பானும் சிதைந்து அதைத் தரலாம். அதனால சாதாரணக் கார்பனைவிட நிறை 1 கூடுதலான கார்பன்-13 உள்ள கரியமில வாயுவை விட்டுப் பார்க்கணும். மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 29 வந்தால்தான் நம்பலாம்.

பெரிய குறை வேற. இங்கே எலக்ட்ரானைக் கொடுத்துக் கொடுத்து அமீன் தீர்ந்துபோகுது. காசு கொடுத்து வாங்கிய ரசாயனத்தைக் கரைத்துக் கிடைப்பதை எரிபொருள்னு சொல்ல முடியாது. எலக்ட்ரான் தண்ணீரிலிருந்து வரணும். இன்னொன்று, இந்தச் சாயம் ஊதாப் பக்கத்து ஒளியை மட்டுமே விழுங்கும். நம்ம வெயிலில் பெரும்பகுதி சும்மா போகும்.

(காட்சி: பாளையங்கோட்டை மொட்டைமாடி)

கணக்குப் போடுவோம். 1 சதுர மீட்டரில் நாளைக்கு 5 யூனிட் வெயில்னு வைங்க, அதாவது 18 மெகாஜூல். அதில் 1 சதவீதம் மெத்தனால் என்ற திரவ எரிபொருளாக மாறினால் சுமார் 8 கிராம், அதாவது 10 மில்லி. இதற்குச் செலவாகும் கரியமில வாயு 11 கிராம். அதே இடத்தில் 20 சதவீதத் திறனுள்ள சோலார் பேனல் 1 யூனிட் கரண்ட் தரும். அந்தக் கரண்டில் தண்ணீரைப் பிரித்து, வர்ற ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மெத்தனால் ஆக்கினால், பாதிக்கு மேல் வீணானாலும் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். சாயக் கரைசல் முந்த வேண்டியது இந்த வழியைத்தான்.