சுவர் கேட்டு வந்திருக்கிறேன்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதற்காக எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'ஓவிய மேதை' என்று சொல்லி முன்வரிசையில் இருக்கும் என் மனைவியைச் சிரிக்க வைத்த செயலாளர் தம்பி அவர்களே, கோபியில் ஒரு கல்யாணத்தில் கைநனைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வருஷா வருஷம் கேட்காமலே பந்தல் செலவை ஏற்றுக்கொள்ளும் ரைஸ் மில் ஐயா அவர்களே, பரிசுக்காகக் காத்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. மைக்செட் தம்பியை விட்டுவிட்டால் பாதிப் பேச்சில் வயரைப் பிடுங்கிவிடுவார். அவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். ஓவியம் சேர்த்த ஒரு நடிகரின் கதை ஒன்று. ஓவியத்துக்கு விலை எப்படி வருகிறது என்பது இரண்டு. நவீன ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்பது மூன்று. நேரம் இருந்தால் மூன்றும் வரும்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்குத்தான் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். நான் நிஜச் சுவரைச் சொல்கிறேன். செங்கல், சுண்ணாம்பு.

நடிகரின் பெயர் வின்சென்ட் பிரைஸ். 1911-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மிட்டாய்க் கம்பெனி. பேய்ப் படம் என்றாலே அவர்தான் என்று ஒரு காலம் இருந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' பாட்டில் ஒரு குரல் பேசி, கடைசியில் வயிற்றைக் கலக்குகிற மாதிரி சிரிக்குமே, அந்தச் சிரிப்பு இவருடையது. நேரில் படு சாது. யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர், நடிப்பு அதற்குப் பிறகு வந்தது. பன்னிரண்டு வயதில் ரெம்பிராண்ட் என்ற பழைய டச்சு மேதையின் அச்சோவியம், அதாவது தகட்டில் கீறி அச்செடுத்த படம் ஒன்றை முப்பத்தேழரை டாலருக்கு வாங்கினார். அதுவும் தவணையில்!

தவணை என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். நம் வீடுகளில் பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் தவணைக்காரர் வண்டியில்தானே வந்து இறங்கின? பிரைஸும் அதே வேலையைச் செய்தார். சியர்ஸ் என்று அங்கே ஒரு பெரிய கடை. துணியிலிருந்து துவைக்கும் எந்திரம் வரைக்கும் விற்பார்கள். 1962-ல் அந்தக் கடைக்காக இவரே ஓவியங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மாதம் ஐந்து டாலர் கட்டினால் அசல் படம் வீட்டுக்கு வரும். சுமார் பத்து வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முன்பு கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986. மில்லில் தீபாவளி போனஸ் வாங்கியிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் ஓவியம் படிக்கிற ஒரு பையனின் படம் மனதில் ஒட்டிக்கொண்டது. கறுப்பில் மூன்று இழுப்பு, நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு, அவ்வளவுதான். நானூறு ரூபாய் என்றான். நூறு கொடுத்து, மீதியை மூன்று மாதத்தில் மணியார்டர் செய்கிறேன் என்றேன். நம்பிக் கொடுத்துவிட்டான். காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் போடு என்றார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "உன் மடி பத்தாதுப்பா, பக்கத்து ஆளு மடியிலயும் பாதி இருக்குது" என்றார். அன்னூர் தாண்டும் வரைக்கும் வாக்குவாதம். கடைசியில் அரை டிக்கெட்டுக்கு ராசியானோம்.

புளியம்பட்டியில் சந்தை முடிந்து ஓர் ஆத்தா ஏறினார். சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்திருந்தார், ஏதோ விற்ற காசு. "ஏங்கண்ணு, இதென்ன சாமி படமா?" என்றார். சும்மா ஒரு படம் ஆத்தா என்றேன். கொண்டா என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நால்ரோடு ஒன்று தாண்டியது, இன்னொன்று தாண்டியது, பேச்சே இல்லை. பிறகு விரலை வைத்துக் காட்டினார்: "இது திமிலு. இது காங்கேயத்து எருதேதான். வித்துப்போட்டு வந்துட்டாங்க, அதான் திரும்பிப் பாக்குது." சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அதுவரைக்கும் அதில் மாட்டைப் பார்க்கவே இல்லைங்க! பையனிடம் எழுதிக் கேட்டேன். "நான் எதையும் நினைத்து வரையவில்லை, பாட்டி சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கார்டு போட்டான்.

வீட்டில் என்ன வரவேற்பு என்று கேட்கிறீர்களா? "இந்தக் காசுக்கு ஒரு கிடாக்குட்டி வாங்கியிருக்கலாம்" என்றார் முன்வரிசையில் இருப்பவர். கிடாய் வாங்கியிருந்தால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்திருக்கும். ஆனால் படமும் தப்பவில்லை. எங்கள் வீடு மண்சுவர். இரண்டு ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, பின்னால் பூஞ்சை பிடித்து, ஓரத்தைக் கரையான் தின்றது. மிச்சம் இன்றைக்கும் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிரைஸிடம் நல்ல வீடு இருந்தது. வீடு முழுக்கப் படம் மாட்டியிருக்கலாம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சாதாரணக் கல்லூரிக்குப் பேசப் போனவர், அங்கே படித்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் அசல் படத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அவரும் மனைவியும் முதலில் 90 படைப்புகளைக் கொடுத்தார்கள். அவற்றை வைக்க 1957-ல் அந்தக் கல்லூரியில் படக்கூடம் திறந்தது. 1993-ல் அவர் இறப்பதற்குள் கொடுத்தது சுமார் இரண்டாயிரம். கல்லூரி சுவரைக் கொடுத்தது, நடிகர் சித்திரத்தைக் கொடுத்தார்.

பிரைஸ் பிறந்த அதே 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்து, 1966-ல் கடலோரத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். சூலூர்ப் பக்கம் காசிகவுண்டன்புதூரில் பிறந்த சிவகுமார் அவர்களும் நடிக்க வருமுன் அதே கல்லூரியில் ஓவியம் படித்தவர்தான். நம் மண்ணில் கைக்குப் பஞ்சமில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற பவானி ஜமுக்காளத்தைக் கொஞ்சம் பாருங்கள். சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை, நீலப் பட்டை. தூக்கிச் சுவரில் மாட்டினால் 'மாடர்ன் ஆர்ட், எங்களுக்குப் புரியாதுங்க' என்பீர்கள். முப்பாட்டன் காலத்திலிருந்து அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்!

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். 'ஐந்து நிமிடம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். சரி, விலை அடுத்த வருஷம். எப்படிப் பார்ப்பது என்பதைப் புளியம்பட்டி ஆத்தாவே சொல்லிவிட்டார்.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் பஞ்சுக் குடோன் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஒன்றரை அடிச் சுவர், உயரமான ஓடு, மேலே வடக்குப் பார்த்த ஜன்னல். படத்துக்கு வடக்கு வெளிச்சம் நல்லது, நேர் வெயில் அதிகம் விழாது. ஓடு மாற்ற வேண்டும், ஓதம் வராமல் பூச வேண்டும். அதற்கு மேல் பெரிய செலவில்லை. குடோனைப் படக்கூடமாக்கித் தாருங்கள் என்று நாங்கள் கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரித்து அலுத்துவிட்டோம். அந்த மேசை எது என்று இங்கே சொல்ல மாட்டேன். பேரூராட்சித் தலைவர் அம்மா புன்னகை செய்கிறார்கள், அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுச் செலவு என்றதும் ரைஸ் மில் ஐயா மேலே பார்க்கிறார். பந்தல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, நான் குடோன் ஓட்டைச் சொன்னேன்.

வாசலில் சுண்டல் கொடுக்கிற மேசையில் புது மனு இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். குழந்தைகளும் கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் சுண்டல் என்று செயலாளர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வணக்கமுங்க.