தடித்த கோடும் மெல்லிய கோடும்

அவையோர்க்கு வணக்கம்.

விண்மீனில் ஒரு துளியைக்கூட அள்ளிவந்து சோதிக்க நம்மால் முடியாது. கையில் கிடைப்பது அதன் ஒளி மட்டும்தான். அதனால்தான் 1835-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட், விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்று மனிதன் ஒருநாளும் அறியப்போவதில்லை என எழுதினார். வேடிக்கை என்னவென்றால், விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. 1814-இல் பிரான்ஹோஃபர் என்ற ஜெர்மன் கண்ணாடிக் கலைஞர், முப்பட்டகத்தில் விரிந்த சூரிய ஒளியில் 500-க்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டு, குறித்தும் வைத்துவிட்டார்.

அந்தக் கோடுகள் யாருடைய கைரேகை? சுமார் 45 ஆண்டுகள் கழித்து ஜெர்மன் அறிவியலாளர்கள் கிர்க்கோஃபும் புன்சனும் சொன்னார்கள்: ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களை உமிழும், குளிர்ந்த ஆவியாக வழியில் நின்றால் அதே நிறங்களை விழுங்கும். சோடியம் என்றால் 589 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே இரட்டைக் கோடு. வேறெதுவும் அந்த இணையைத் தராது.

இதுவரை பள்ளிப் பாடம். நான் பேச வந்தது, கோட்டைத் தவறாகப் படித்த கதை.

சூரிய நிறமாலையின், அதாவது விரிந்த அந்த ஒளிப்பட்டையின், ஊதாப் பக்கத்தில் கால்சியத்தின் இரண்டு கோடுகள் தடித்துக் கிடக்கும். ஹைட்ரஜன் கோடுகளோ அவ்வளவு தடிப்பில்லை. அப்படியானால் அங்கே கால்சியம்தானே மிகுதி? அப்படித்தான் நினைத்தார்கள், சூரியனைச் சூடேறிய பூமி என்றே கருதினார்கள்.

ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் கோட்டை வரைய, ஹைட்ரஜன் அணு ஏற்கெனவே இரண்டாம் ஆற்றல் படியில் ஏறி நிற்க வேண்டும். சூரியப் பரப்பின் 5,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நூறு கோடி அணுக்களில் ஐந்தாறுதான் அங்கே நிற்கும். மற்றவை ஊமைகள். கால்சியமோ, பெரும்பாலும் ஓர் எலக்ட்ரானை இழந்து, அந்த வெப்பத்துக்கென்றே செய்ததுபோல அடிப்படியிலிருந்தே ஒளியை விழுங்குகிறது. கூட்டத்தில் சத்தம் போடுபவர்களை வைத்துத் தலை எண்ண முடியுமா?

வெப்பத்துக்கும் எலக்ட்ரான் இழப்புக்கும் உள்ள கணக்கை 1920-இல் தந்தவர் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா. அதைக் கொண்டு 1925-இல், ஹார்வர்டு வானாய்வகத்தில் இருந்த 25 வயது சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிக மிக அதிகம் என்று கணக்கிட்டார். பெரும் வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், அது நடக்காத காரியம் என்றார். பெய்னும் தம் ஆய்வேட்டில், இந்த அளவு அநேகமாக உண்மையாக இருக்க முடியாது என்று எழுதிச் சேர்த்தார். எனக்கு அந்த வரிதான் மிகவும் வலிக்கிறது.

1929-இல் ரஸ்ஸல் தாமே வேறு வழியில் கணக்கிட்டுப் பார்த்தார். ஹைட்ரஜன்தான் வந்தது.